வீட்டுத் தலைவர் வெளியிலை இருக்கிறார்

யாழ்ப்பாண நகரத்தில், பல் வைத்தியர் ஒருவருக்கும் ரியூசன் வகுப்பு ஒன்றுக்கும் நடுவிலுள்ள மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. வாசல் பலகையில் ‘ஆய்வு’ என்ற சொல் மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும். உள்ளே ஆய்வு செய்கிற ஆள் நான் ஒருத்திதான். பணிப்பாளரை நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுவோம். சேர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வருவார். வந்ததும் இன்னொரு கூட்டத்துக்குப் போவார். இரண்டுக்கும் நடுவில் என் மேசைக்கு வந்து, “எல்லாம் ஓடுதோ?” என்று கேட்பார். ஓடுகிறது என்றால் சந்தோஷப்படுவார். எது ஓடுகிறது, எங்கே ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் சேர் என் தலையில் கட்டிவிட்ட வேலை, ஒரு குடிசனக் கணக்கெடுப்பு. பண்டத்தரிப்புப் பக்கத்து ஊர்களில் வீடுவீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன படிப்பு, கிணறு சொந்தமா பொதுவா என்று எழுதி எடுத்திருந்தார்கள். முன்பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடும் ஆசிரியர் கொடுப்பனவும் தருகிற ஓர் உதவி நிறுவனம், அந்தத் தரவை எங்களிடம் தந்தது. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஓர் அட்டவணை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரையான பிள்ளைகள் ஊரின் ஒவ்வொரு குறிச்சியிலும் எத்தனை பேர்? பதினைந்துக்குக் குறைந்தால், அந்தக் குறிச்சி முன்பள்ளியை மூடி, பெருந்தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய முன்பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பெருந்தெருவில் மினிபஸ்கள் எப்படிப் போகும் என்பது அவர்களுடைய படிவத்தில் இல்லை.

கோப்பைத் திறந்த முதல் நாளே ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து, யாரோ யாரையோ திட்டுகிற மாதிரித் தெரிந்தன. பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். சேரிடம் போய்ச் சொன்னேன். “நீர் கொம்பியூட்டர் படிச்சனீர்தானே?” என்றார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் வாழ்க்கையில் ஒருநாளும் பதில் கிடைத்ததில்லை.

எழுத்தைத் திருத்த இரண்டு நாள் போனது. பிறகு வயது. சராசரி வயதைக் கணக்கிட்டால் எங்கள் பிரதேசம் முழுவதும் ஒரு முதியோர் இல்லம் போலிருந்தது. வயது தெரியாதவர்களுக்கு 999 என்று போடும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அதை என்னிடம் சொல்லவில்லை. ஆயிரம் வயதுக்கு ஒரு வயது குறைந்தவர்கள் ஊருக்கு ஊர் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்தார். மிச்சத்தில் நாற்பதை எட்டியவர்களுக்கோ நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று ஐந்து ஐந்தாகத்தான் வயது போயிருந்தது. நாற்பத்தேழு வயதில் எங்கள் வலிகாமப் பகுதியில் ஒருவரும் இல்லை போலிருந்தது.

ஒரு குறிச்சியின் இலக்கம் பூச்சியத்தில் தொடங்கும். தரவை அனுப்பியவர் அதை விரிதாளில் திறந்து பார்த்திருக்கிறார். முன்னால் நிற்கிற பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்று விரிதாள் தானே முடிவெடுத்து, அதைத் தூக்கிவிட்டது. அதனால் அந்தக் குறிச்சிச் சனம் முழுவதும் வேறொரு குறிச்சிக்குக் குடிபெயர்ந்து போயிருந்தது. எங்கள் சனத்துக்கு இடம்பெயர்வு புதிதில்லைத்தான். ஆனால் இது மூட்டை முடிச்சு ஒன்றும் கட்டாமல் நடந்த இடம்பெயர்வு. திரும்பக் குடியேற்ற எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

இதையெல்லாம் சொல்வது, நான் கெட்டிக்காரி என்று காட்டத்தான். பிறகு நடந்ததைச் சொல்லும்போது அந்த நினைப்பு கொஞ்சமாவது மிஞ்சியிருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரோகிராம் எழுதும்போது ஒரு வரியின் முன்னால் ஒரு குறியைப் போட்டால், கணினி அந்த வரியை வாசிக்காது. அது குறிப்பு. இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தேன் என்று, பின்னால் வருகிற மனிதருக்காக எழுதிவைப்பது. நான் குறிப்புகளைத் தமிழில் எழுதுவேன், நிறையவும் எழுதுவேன். எங்கள் அலுவலகத்தில் கணினியும் அவற்றை வாசிப்பதில்லை, மனிதரும் வாசிப்பதில்லை.

அட்டவணை ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. கோடுகள் நேராக இருந்தன, கூட்டுத்தொகை சரியாக இருந்தது. சேர் அதைப் பார்த்து, “வடிவாயிருக்கு” என்றார். வடிவாயிருக்கிற அட்டவணையில் பிழை இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை. அன்றைக்கே அதை உதவி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார். அதில் எங்கள் குறிச்சிக்கு நேரே ஒன்பது என்று இருந்தது.

எங்கள் குறிச்சி முன்பள்ளியை நடத்துவது என் அம்மா. வாசிகசாலைக்குப் பக்கத்து மண்டபத்தில் எத்தனையோ வருடங்களாக நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு ‘அ’ எழுதக் கையைப் பிடித்தவர் அவர்தான். நானும் அங்கேதான் படித்தேன். எனக்கு மட்டும் கொஞ்சம் கூட அடி விழுந்தது. அந்த மண்டபம் இல்லாத அம்மாவை எனக்குக் கற்பனை செய்ய முடியாது. அவருக்கும் முடியாது என்றுதான் நினைக்கிறேன். எந்த நோயும் அவரை அங்கே போகாமல் மறித்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன்.

“ஒன்பதோ?” அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “நேற்று இருபத்திரண்டு பேர் வந்தவை. ஒண்டுக்குக் காய்ச்சல். இருபத்திமூண்டு.”

“அம்மா, இது கொம்பியூட்டர் கணக்கு.”

“அது எத்தினை பிள்ளையின்ரை மூக்கைத் துடைச்சுப்போட்டு எண்ணினது?”

எழுந்து கையைக் கழுவிவிட்டு வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். இருபத்துமூன்று பெயர்கள். நீல மையில் வரவு, சிவப்பு மையில் வராமை. வேறு குறிச்சிப் பிள்ளைகள் கலந்திருப்பார்கள் என்றேன். இல்லை என்றார். வயது கூடின பிள்ளைகள் இருப்பார்கள் என்றேன். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளைக் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. படித்தது நான், பட்டம் வாங்கியது நான், கொழும்பில் போய்ப் பயிற்சி எடுத்தது நான். நீல மையும் சிவப்பு மையும் வந்து என்னிடம் கணக்குக் கேட்கின்றன.

திங்கட்கிழமை போய்க் கோப்பைத் திறந்தேன். எங்கள் குறிச்சி வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயர்களை நீக்கித்தான் தரவைத் தருவார்கள், அந்தரங்கம் காப்பாற்றப்படுகிறதாம். பொதுக் கிணறு, ஓட்டு வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், தையல் தொழில் என்று இருந்தால் அது யாருடைய வீடு என்று எங்கள் ஊர் நாய்க்கும் தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டு போனபோது எங்கள் வீட்டைத் தேடினேன். அறுபது தாண்டிய ஒரு பெண், முன்பள்ளி ஆசிரியை. முப்பத்துநாலு வயதில் கலியாணமாகாத ஒரு மகள், பட்டதாரி, சொந்த ஸ்கூட்டி. மூலத் தரவில் நாங்கள் இருந்தோம். என் புரோகிராம் ஓடி முடிந்த பிறகு பார்த்தால் எங்கள் வீடே இல்லை.

புரோகிராமை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

எப்படி நடந்தது என்பதை எளிதாகச் சொல்லலாம். மூலத் தரவில் ஓர் ஆளுக்கு ஒரு நிரை. ஒவ்வொரு நிரையிலும் அவர் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று இருக்கும்: தலைவர், மனைவி, மகள். இந்த வீட்டில் வழமையாக வசிப்பவரா, ஆம் அல்லது இல்லை என்றும் இருக்கும். என் முதல் வரி, ‘இல்லை’ என்று உள்ளவர்களை அழித்தது. அதில் தவறில்லை, பாரிஸில் இருக்கிற ஒருவருக்கு எங்கள் குறிச்சி முன்பள்ளியில் இடம் தேவையில்லை. இரண்டாவது வரி, வீட்டுத் தலைவர்களை மட்டும் எடுத்து, தலைவருக்கு ஒரு வீடு என்று பட்டியல் போட்டது. மூன்றாவது வரி, மற்றவர்களை அந்தப் பட்டியலோடு கொண்டுபோய்க் கட்டியது. கட்ட இடம் கிடைக்காதவர்களை விட்டுவிட்டது. கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆடுகளைக் கட்டையில் கட்டப் போன மாதிரி ஒரு வேலை.

இந்தப் பிழை வேறு ஊரில் இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் ‘வெளியிலை’ என்றால் முற்றத்தில் என்று பொருள் இல்லை. கனடா, பிரான்ஸ், சுவிஸ், கட்டார் எல்லாம் வெளியிலைதான். கணக்கெடுக்க வந்தவர் படலையில் நின்று, வீட்டுத் தலைவர் யார் என்று கேட்பார். தண்ணீர் இறைத்து, தோட்டம் கொத்தி, கூரைக்கு ஓடு மாற்றி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற பெண், ஒரு நொடியும் யோசிக்காமல் தன் கணவரின் பெயரைச் சொல்வாள். ஆள் எங்கே? வெளியிலை. எப்போது வருவார்? அது படிவத்தில் இல்லை. ஒருத்தியின் கணவர் முந்தின வருடம் கடலுக்குப் போனவர். படகு வந்தது, ஆள் வரவில்லை. அவளும் அவருடைய பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். வழமையாக வசிப்பவரா என்பதற்கு ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அந்த நிரையைப் பார்த்தபோது எனக்குக் கேலி ஒன்றும் வரவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் எத்தனை நிரைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இது அரிச்சுவடிப் பாடம். இதைப் பட்டறைகளில் படம் போட்டு நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பக்கம் வரும்போது குரலைக்கூட உயர்த்துவேன். அன்றைக்கு எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஸ்கூட்டி கராஜில் நின்றது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் சிவப்பு எழுத்தில் ஊரைக் கூட்டுகிற புரோகிராம், இத்தனை வீடுகளை அழித்தபோது ஒரு முனகல்கூட முனகவில்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுசி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது வேறு.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். அம்மா விறாந்தையில் பிள்ளைகளுக்கு நிறக் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சிட்டன்,” என்றேன். “உங்களைப் போலை ஆக்களாலை வந்த வினை.”

“என்னாலையோ?”

“வீட்டுத் தலைவர் ஆரெண்டு கேட்டால், வீட்டிலை இல்லாத ஆளின்ரை பேரைச் சொல்லுறியள். கொம்பியூட்டர் அந்த ஆளைத் தேடுது. ஆள் இல்லை. ஆள் இல்லையெண்டால் வீடும் இல்லை, பிள்ளையளும் இல்லை.”

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அப்ப எங்கடை வீடு?”

“அதுவும் இல்லை.”

“நீ?”

“நானும் இல்லை.”

“இல்லாத ஆளுக்கோ நான் விடிய எழும்பிச் சாப்பாடு கட்டித் தாறன்?” என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “உன்ரை கொப்பாவின்ரை பேரைச் சொன்னதாலையோ பிள்ளையள் இல்லாமல் போச்சினம்?”

“ஓம்,” என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அவர் சொன்னதில் பிழையில்லை, நான் எழுதிய மூன்று வரியில்தான் பிழை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த ‘ஓம்’ சொல்வதற்கு நான் பத்தொன்பது வருடங்களாகக் காத்திருந்தேன்.

அப்பா எனக்கு நாலு வயதில் ஏஜென்சிக்காரர் ஒருவரைப் பிடித்து சுவிஸுக்குப் போனவர். முதலில் கடிதம் வந்தது, பிறகு தொலைபேசி வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. எனக்குப் பதினைந்து வயதில் யாரோ ஊருக்கு வந்தவர் கையில் ஒரு படம் வந்தது. பனிக்குள் அப்பா, ஒரு பெண், இரண்டு சின்னப் பிள்ளைகள், நாலு பேருக்கும் ஒரே நிறத் தொப்பி. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மெலிஞ்சு போனார்,” என்றார். பங்கீட்டு அட்டை இருக்கிற மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் மின்சாரப் பட்டியல் அவருடைய பெயரில், கோயில் ரசீது அவருடைய பெயரில், என் பட்டமளிப்பு அழைப்பிதழும் திரு. திருமதி என்று அவருடைய பெயரில். எனக்கு அந்தப் பெயரைக் கண்டாலே எரியும். எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். அம்மா எதிர்த்துக் கதைத்ததே இல்லை. அடுத்த படிவத்திலும் அதே பெயரை எழுதுவார். இப்போது முதன்முறையாக என் பக்கம் ஒரு கணினி நின்றது. விடுவேனா?

அடுத்த நாள் காலை புரோகிராமைத் திருத்தினேன். தலைவரை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கெடுப்பில் கொடுத்த வீட்டு இலக்கத்தை வைத்துக் கட்டினேன். இரண்டு வரி மாற்றம். தேத்தண்ணீர் ஆறவில்லை, வேலை முடிந்தது. மற்றக் குறிச்சிகளிலும் எண்ணிக்கை கூடியது, ஆனால் பதினைந்துக்குக் கீழே இருந்து மேலே வந்தது எங்களுடையது மட்டும்தான். எங்கள் குறிச்சியில் இருபத்துநாலு பிள்ளைகள். பதிவேட்டில் இல்லாத அந்த ஒன்று, மதவடி வீட்டுக் கடைக்குட்டி. மூன்று வயதாகியும் தாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுகிறவன். எங்கள் வீடும் திரும்பி வந்திருந்தது. திருத்திய வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: ‘வீட்டுத் தலைவரைப் பிழையாகச் சொன்ன வீடுகளுக்காக.’

புதிய அட்டவணையைக் கொண்டுபோய்ச் சேரின் மேசையில் வைத்தேன். அவருடைய முகம் மாறியது.

“ஒன்பதெண்டு அனுப்பியாச்சு. இப்ப இருபத்திநாலெண்டால்? நாலு நாளிலை பதினைஞ்சு பிள்ளை பிறந்ததோ? என்ன பிழை?”

என் புரோகிராமில் பிழை சேர் என்று சொல்லியிருக்க வேண்டும். உலகத்தில் எங்கள் தொழில் செய்கிற எல்லோரும் சொல்கிற அந்த வாக்கியத்தைத்தான் நானும் சொன்னேன்.

“தரவிலை பிரச்சினை, சேர்.”

“அப்ப சுகம்,” என்று சேர் முகம் தெளிந்தார். “அந்தக் குறிச்சியைத் திரும்ப எடுப்பம். ஒரு உத்தியோகத்தரை விடுவம். வடிவாய் ஒரு படமும் எடுத்து அறிக்கையிலை போடலாம்.”

இப்படித்தான், நடந்திராத ஒரு பிழையைத் திருத்துவதற்காக ஒரு மறுகணக்கெடுப்பு நடந்தது. வீடுவீடாகப் போனால் வெயில் என்று சேர் சொன்னார். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற நேரத்தில் முன்பள்ளியிலேயே வைத்து எடுத்துவிடலாம் என்று முடிவானது. சனம் இருந்தால் படத்துக்கும் நல்லது.

அம்மாவிடம் சொன்னேன். திருத்திவிட்டேன் என்று சொல்லவில்லை, திரும்ப எடுக்க வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு வசனங்களில் எது எளிதோ அதைச் சொன்னேன். அம்மா தலையாட்டினார். அடுத்த நாள் அவர் தாய்மாரைக் கூட்டிவைத்துக் கதைத்தாராம். எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த நாள் நானும் மடிக்கணினியோடு போயிருந்தேன். மண்டபத்துக்கு முன்னால் வேப்பமர நிழலில் சைக்கிள்கள் நின்றன. மதவடி வீட்டுத் தாயும் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். உத்தியோகத்தர் ஒரு சின்னக் குட்டி மேசைக்குப் பின்னால், அதைவிடச் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார். சேர் எனக்குப் பக்கத்தில் கமராவோடு நின்றார்.

“ஆர் முதல் வாறியள்?” என்று உத்தியோகத்தர் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. தாய்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடலுக்குப் போனவரின் மனைவி, தன் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டு பின்னால் நின்றாள். அம்மா கையிலிருந்த மணியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய் முன்னால் உட்கார்ந்தார்.

“முதல் என்னைப் பதியுங்கோ தம்பி.”

“ரீச்சர், உங்கடை வீட்டிலை சின்னப் பிள்ளை இல்லையே. நீங்கள் தேவையில்லை.”

“பிள்ளை இல்லாட்டிலும் வீடு இருக்குத்தானே. எழுதுங்கோ.”

உத்தியோகத்தர் பேனையை எடுத்தார். “வீட்டுத் தலைவர் ஆர்?”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பாடம் ஒப்புவிக்கப் போகிற பிள்ளை ரீச்சரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அந்த நேரத்தில்கூட நான் வாயைத் திறந்திருக்கலாம். அம்மா, தேவையில்லை, பழைய பதிலே சரி, உங்கள் பிள்ளைகள் எல்லோரும் கணக்கில் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சேர் பக்கத்தில் நின்றார். நான் மடிக்கணினியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான்தான்,” என்றார் அம்மா.

“உங்கடை கணவர்?”

“இஞ்சை இல்லை.”

“வெளியிலையோ?”

“அந்த வீட்டிலை இல்லைத் தம்பி. அப்பிடியே எழுதுங்கோ.”

எழுந்து போய், ஒரு பிள்ளையின் சப்பாத்து வாரைக் குனிந்து பூட்டிவிட்டார். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான், நான், நான். கட்டாரில் இருக்கிறவரின் மனைவி கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னாள். இன்னொருத்தி, மாமியாருக்குத் தெரிந்தால் கொன்றுபோடுவார் என்று சொல்லிவிட்டுச் சொன்னாள். கடலுக்குப் போனவரின் மனைவி சொன்னது உத்தியோகத்தருக்குக் கேட்கவில்லை. “சத்தமாய்ச் சொல்லுங்கோ அக்கா,” என்றார். அவள் திரும்பவும் தன் பெயரைச் சொன்னாள். அம்மா அவளுடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சேர் அதைப் படம் எடுத்தார். அறிக்கையின் அட்டையில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது.

பின்னேரம் புதிய தரவை ஓட்டினேன். இருபத்துநாலு. பழைய தரவை ஓட்டினாலும் இருபத்துநாலு. முன்பள்ளி தப்பியது. மறுகணக்கெடுப்பினால் தரவின் தரம் உயர்ந்ததாகச் சேர் அறிக்கையில் எழுதினார். உதவி நிறுவனத்தார் அவரைப் பாராட்டி அனுப்பிய கடிதத்தை எங்கள் எல்லோருக்கும் வாசித்துக்காட்டினார். நானும் கைதட்டினேன்.

“இப்ப உன்ரை கொம்பியூட்டருக்குப் பிள்ளையளைத் தெரியுதோ?” என்று அன்றைக்கு அம்மா கேட்டார்.

“தெரியுது,” என்றேன்.

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுப் பூமரங்களுக்குத் தண்ணீர் விடப் போனார்.

இரண்டு கிழமை கழித்து மின்சாரப் பட்டியல் வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“இதிலையும் கொப்பாவின்ரை பேர்தான் கிடக்கு. இதாலையும் ஆரும் இல்லாமல் போவினமோ? எண்டால் சொல்லு, போய் மாத்திவிடுறன்.”

அந்தப் பெயரைக் கண்டால் எரிகிற எனக்கு அன்றைக்கு எரியவில்லை. பத்தொன்பது வருடச் சண்டையில் நான் வென்றுவிட்டேன். வென்ற விதம் எனக்கு மட்டும்தான் தெரியும். “இல்லை அம்மா,” என்றேன். “அதாலை ஒண்டும் இல்லை. அவற்ரை பேரே இருக்கட்டும்.”

“வடிவாய்த் தெரியுமோ?”

“ஓம். எனக்குத் தெரியும்.”

அம்மா பட்டியலைக் கொண்டுபோய் லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போனதும் பழைய கோப்பைத் திறந்தேன். திருத்திய வரிக்கு மேலேயிருந்த குறிப்பை அழித்தேன். அதன் இடத்தில், ‘அம்மா சொன்னது சரி, பிழை என்னுடையது,’ என்று எழுதிச் சேமித்தேன். அம்மா அந்தக் கோப்பை ஒருநாளும் திறக்கமாட்டார் என்று தெரிந்துதான் அங்கே எழுதினேன்.